ஏ.எஃப். இருந்தால் உடற்பயிற்சி செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏ.எஃப்., இதயத் துடிப்பின் தாளம் தப்பும் கோளாறு) என்று வந்த மறுநாளே நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சென்னையில் இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பயத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தவரை மறுபடி நடக்க வைப்பது, அவருடைய நோயைச் சமாளிப்பதைவிடச் சிரமமாக இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களும் கூட வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பரிசோதித்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஏ.எஃப்.னா என்னங்க? சாதாரண படபடப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரிய வேண்டும். ஏ.எஃப். வந்தால் அவற்றில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் தாறுமாறாக ஓடும். மேலறைகள் சுருங்க முடியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அத்தனை துடிப்பும் கீழறைக்குப் போனால் உயிர் தாங்காது. நடுவில் இருக்கும் ஏ.வி. கணு ரயில்வே கேட் மாதிரி கொஞ்சத்தை மட்டும் விட்டு மற்றதை நிறுத்திவிடும். ஆனால் எப்போது விடும் என்பதில் ஒழுங்கு இருக்காது. அதனால்தான் நாடியைத் தொட்டால் வேகமாக இரண்டு, ஒரு இடைவெளி, பிறகு மூன்று என்று தாளமே இல்லாமல் அடிக்கிறது. பயத்திலோ மாடி ஏறும்போதோ வரும் படபடப்பில் வேகம்தான் கூடும், தாளம் தப்பாது.

சிலருக்கு இது வந்து 7 நாளுக்குள் தானாக அடங்கிவிடும். சிலருக்கு அதையும் தாண்டி நீடிக்கும். சிலருக்கு இனி இப்படித்தான் என்று டாக்டரே முடிவு செய்து, வேகத்தை மட்டும் மாத்திரையால் கட்டுப்படுத்துவார். கீழே சொல்பவை பெரும்பாலும் எல்லோருக்கும் பொருந்தும். மாறுகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இதயம் இப்படித் தாறுமாறா அடிக்கும்போது நடந்தா, அப்படியே நின்னுடாதா?

நின்றுவிடாது. ஆளைத் திடீரென்று சாய்த்துவிடும் ஃபிப்ரிலேஷன் கீழறையில் வருவது. அது வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வீட்டில் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். ஏ.எஃப்.-இன் நிஜமான ஆபத்துகள் இரண்டு. ஒன்று, நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவது. அதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். இன்னொன்று, வேகம் மாதக்கணக்கில் கட்டுப்படாமல் ஓடி இதயத் தசை பலவீனமாவது. முதலாவதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறது, இரண்டாவதற்கு வேகத்தைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. மிதமாக நடப்பதால் இந்த இரண்டில் எதுவும் கூடுவதில்லை.

ஆபத்து கூடாமல் இருப்பது மட்டுமில்லை, பலனும் உண்டு. நார்வேயில் ட்ரொன்ஹெய்ம் நகரில் 51 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். 12 வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு, ஏ.எஃப்.-இல் கழியும் நேரம் 8.1 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. பயிற்சி செய்யாதவர்களுக்கு அது கூடியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 120 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருட முடிவில் ஏ.எஃப். திரும்ப வராமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 40 சதவீதம், மற்றவர்களில் 20 சதவீதம். ஆயுளை நீட்டிக்கிறதா என்று கேட்டால், அதைச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இன்னும் பெரிதாக நடக்கவில்லை. ஆனால் மூச்சுவாங்கல் குறைவதும், நடக்கும் தூரம் கூடுவதும், படபடப்பின் தொல்லை குறைவதும் பல ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?

ஈசிஜி, எக்கோ, ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். ஏ.எஃப். கண்டுபிடித்தபோதே இவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்திருப்பார்கள், அந்த ஃபைலை எடுத்து வந்தாலே போதும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதாலும் ஏ.எஃப். வரும். அது சரியாகாமல் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. நெஞ்சுவலியோ அடைப்போ சந்தேகம் இருந்தால் ட்ரெட்மில் டெஸ்ட் கேட்பார்கள். நாங்கள் வழக்கமாகச் செய்வது ஆறு நிமிட நடைச் சோதனை. நீளமான வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்க முடிகிறது என்று பார்ப்போம். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கீழே சொல்லும் நிலையில் இருந்தால் இப்போதைக்கு ஆரம்பிக்கவே வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 120-ஐத் தாண்டுவது, படுத்தால் மூச்சு முட்டுவது, நாலைந்து நாளில் காலில் வீக்கமும் எடையும் ஏறுவது, சமீபத்தில் மயங்கி விழுந்தது, நெஞ்சுவலி, காய்ச்சல். இவற்றை டாக்டர் சரிசெய்த பிறகு வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை தேவையா இல்லையா என்பதும் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம்?

அமெரிக்க இதய அமைப்புகள் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 210 நிமிடம் என்கிறது. தினமும் அரை மணி என்றால் கணக்கு சரியாக வரும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம், கிளம்பும் இடம் இல்லை. ரொம்ப நாளாக நடக்காதவர் காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் என்று தொடங்கட்டும். வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் கூட்டினாலே படிப்படியாக எட்டிவிடலாம். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகம் பிறகு.

முதல் 10 நிமிடமும் கடைசி 10 நிமிடமும் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். 20 நிமிடம்தான் நடக்கிறீர்கள் என்றால் ஐந்தைந்து நிமிடம் போதும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று கிளம்புவதும் சட்டென்று நிற்பதும் சிலருக்கு ஏ.எஃப்.-ஐக் கிளப்பிவிடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, சட்டென்று நின்றால் தலை சுற்றும்.

நாள் முழுக்க நின்னுகிட்டே சமையல், வீட்டு வேலை பார்க்கிறேன். அது போதாதா?

உட்கார்ந்திருப்பதைவிட நல்லதுதான். ஆனால் விட்டு விட்டுச் செய்வதால் மூச்சு ஒரே அளவில் தொடர்ந்து கூடி நிற்பதில்லை. மூச்சு கொஞ்சம் கூடும்படி நடந்தால் அது சில நிமிடமானாலும் கணக்கில் சேரும்.

வாட்ச்ல 140, 150னு காட்டுது சார். எந்த நம்பரைத் தாண்டக் கூடாது?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு சீரான தாளத்தில் துடிக்கும் இதயத்துக்குப் போட்டது. ஏ.எஃப்.-இல் இருக்கும்போது பத்தடி நடந்தாலே துடிப்பு எகிறும், ஒரு நிமிடத்துக்குள் 90-க்கும் 140-க்கும் இடையில் ஏறி இறங்கும். போதாக்குறைக்கு, கைக்கடிகாரம் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் மீது ஒளி பாய்ச்சித்தான் எண்ணுகிறது. தாளம் தப்பிய துடிப்பில் பலவீனமானவை மணிக்கட்டு வரை வந்து சேராது, கடிகாரம் அவற்றை விட்டுவிடும். சில சமயம் கை ஆடுவதையே துடிப்பாக எண்ணிவிடும். ஓரிரு நிமிட சராசரியைப் பார்க்கலாம். ஒவ்வொரு அடிக்கும் கடிகாரத்தைப் பார்த்து நடந்தால் பயத்திலேயே துடிப்பு கூடும்.

அதனால் எண்ணை விடுங்கள், மூச்சைப் பாருங்கள். நடக்கும்போது உங்கள் வீட்டு முகவரியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: கதவு எண், தெரு, ஏரியா, பின்கோடு. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்கு முன் கொஞ்சம் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அதுதான் சரியான வேகம். பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம். தெருப் பெயரிலேயே மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். தனியாக நடக்கிறவர்கள் கூச்சப்படாமல் சொல்லிப் பார்க்கலாம், காலை ஆறு மணிக்கு யாரும் கவனிப்பதில்லை.

எண் வேண்டிய இடம் ஒன்று உண்டு, ஓய்வில் இருக்கும்போது. காலையில் எழுந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் தொடர்ந்து 110-க்கு மேல் இருந்தால், வேகத்தைக் குறைக்கும் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நாடியை நாமே எப்படிப் பார்க்கிறது? எனக்கு கைல ஒண்ணுமே தெரியமாட்டேங்குது.

உள்ளங்கை மேலே பார்க்கக் கையை மடியில் வையுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கினால் எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதற்கே துடிப்பு உண்டு. அழுத்தினால் நாடி அமுங்கிவிடும். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் தெரியாமல் போவது அழுத்துவதால்தான்.

15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது ஏ.எஃப்.-க்கு ஒத்துவராது. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையோடு, தாளம் ஒழுங்காக இருந்ததா தப்பியதா என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டு மிகவும் உதவும். ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சில் எண்ணினால் கையில் வருவதைவிட அதிகமாக வரலாம். காரணம் மேலே சொன்னதுதான், பலவீனமான துடிப்பு மணிக்கட்டு வரை வருவதில்லை.

மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து கால் நகரவே மாட்டேங்குது. முன்னெல்லாம் இப்படி இல்லையே?

மெட்டோபிரோலால், பைசோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பு ஏறவிடாமல் பிடித்து வைக்கும். நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், ஆனால் இதயம் முன்போல வேகம் எடுக்காது. கூடவே, மேலறை சுருங்குவதால் கிடைக்கும் 20 முதல் 30 சதவீத ரத்த நிரப்பலும் ஏ.எஃப்.-இல் இல்லாமல் போகிறது. இரண்டும் சேர்ந்து அந்தச் சோர்வு. சில வாரத்தில் உடம்பு பழகிவிடும். பயிற்சி செய்யச் செய்ய, கிடைக்கிற ரத்தத்திலிருந்தே தசைகள் கூடுதல் ஆக்சிஜனை எடுக்கக் கற்றுக்கொள்ளும்.

தாங்க முடியாத சோர்வு என்றால் டாக்டரிடம் கேட்டால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். நடைக்குப் போகிற நாளில் நீங்களாகவே ஒரு வேளையை விட்டுவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு முன்பைவிட வேகமாக எகிறும். துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான டிகாக்சினை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஓய்வில் துடிப்பு கட்டுப்பாட்டில் இருந்தாலும் நடக்கும்போது தறிகெட்டு ஏறலாம். அவர்களை நடக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்பா ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாப்பிடறார். எங்கேயாவது விழுந்துட்டா என்ன பண்றது?

வார்ஃபரின், அசெனோகூமரால், அபிக்ஸபான், டாபிகட்ரான், ரிவரோக்ஸபான் எதுவாக இருந்தாலும் நடக்கத் தடையில்லை. கபடி, கராத்தே, பைக் பந்தயம் மாதிரி அடிபடும் விளையாட்டுகள் வேண்டாம். சைக்கிள் ஓட்டுகிறவர் ஹெல்மெட் போடட்டும். நம் ஊர் நடைபாதையில் பெயர்ந்த கல்லும் மூடாத பள்ளமும் இருப்பதால் வெளிச்சம் வந்தபிறகு கிளம்பச் சொல்லுங்கள். பின்பக்கம் பட்டையுள்ள செருப்போ ஷூவோ கட்டாயம்.

விழுவார் என்ற பயத்தில் அவரை உட்கார வைத்தால் தொடைத் தசை கரைந்து, விழும் வாய்ப்புதான் கூடும். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது பத்து முறை, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து அரை நிமிடம் நிற்பது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதைச் செய்யட்டும். தலையில் அடிபட்டால் மட்டும், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே ரத்தக் கசிவு மெதுவாகத் தொடங்கி, மணிக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியவரும்.

ஜிம்ல வெயிட் தூக்கலாமா?

தூக்கலாம், மூச்சை அடக்காமல். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். 12 முதல் 15 முறை சிரமமில்லாமல் தூக்க முடிகிற எடையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே முறை தூக்குவதற்கு முக்க வேண்டியிருக்கும் எடை உங்களுக்கானது இல்லை. ஜிம்மில் கொடுக்கும் ப்ரீ வொர்க்கவுட் பவுடர்களில் காஃபின் அதிகம் இருக்கும், அவற்றைத் தொடவே வேண்டாம். வீட்டு ஃபில்டர் காபி பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. குடித்தால் உங்களுக்குப் படபடப்பு வருகிறது என்று நீங்களே கவனித்திருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மே மாச வெயில்ல எப்படி நடக்கிறது? மழைக்காலத்துல என்ன செய்யறது?

சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பிரச்சினை. வியர்வை காயாததால் உடம்பு குளிராது, அதற்காகவே இதயம் கூடுதலாக உழைக்கும். நீரும் பொட்டாசியம், மக்னீசியம் போன்ற உப்புகளும் குறைந்தால் ஏ.எஃப். கிளம்பலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். கத்திரி வெயில் நாட்களில் ஆறரை மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள், வேகத்தையும் குறையுங்கள். முகவரி சொல்லிப் பார்க்கும் சோதனை இங்கே நன்றாகக் கைகொடுக்கும். போன மாதம் சுலபமாக இருந்த அதே வேகம் மே மாதத்தில் மூச்சு வாங்க வைக்கும்.

தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இதய பலவீனத்துக்காக டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்டாதீர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தினமும் குடிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடி வழுக்கும். வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் நடப்பது, அபார்ட்மென்ட் காரிடாரில் நடப்பது எல்லாம் போதும். போகி அன்று காலையிலும் தீபாவளியின் மறுநாளும் புகை அடங்கும் வரை வெளியே நடக்க வேண்டாம்.

எங்கே நடக்கிறது நல்லது? பீச்ல மணல்ல நடந்தா நல்லதுன்னு சொல்றாங்களே?

உலர்ந்த மணலில் நடந்தால் அதே வேகத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி செலவாகும். தொடக்கத்தில் அது வேண்டாம். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ நடைபாதையிலேயே நடங்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பார்க் போன்ற இடங்களில் சமதளமும் உட்கார பெஞ்சும் இருக்கின்றன, கூப்பிட்டால் வர ஆளும் இருக்கும். ஏ.எஃப். உள்ளவருக்கு நான் பார்ப்பது இந்த மூன்றைத்தான். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அமைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் முழு 8 கிலோமீட்டரையும் முதல் வாரமே நடந்து முடிக்க வேண்டியதில்லை.

எட்டு போட்டு நடக்கிறேன். அதுவே போதும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க.

மாடியிலேயே செய்யலாம் என்பதால் வசதிதான். இதயத்துக்கென்று அதில் தனிப் பலன் எதுவும் இல்லை. அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் கூடாது, தலைசுற்றல் உள்ளவர்கள் தடுமாறுவார்கள். மூச்சு கொஞ்சமாவது கூடும்படி நடக்க இடம் இருந்தால், எட்டை விரித்துப் பெரிதாகப் போடுங்கள். அப்படி இடமில்லை என்றால் நேராக நடப்பதே மேல்.

யோகாவும் பிராணாயாமமும் செய்யறேன். நடக்கணுமா?

யோகா நல்லது. அமெரிக்காவில் 49 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாதம் யோகா செய்த பிறகு ஏ.எஃப். தாக்குதல்கள் குறைந்தன, ரத்த அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. ஆனால் மெதுவான ஆசனங்கள் நடைக்கு ஈடாகாது. இரண்டையும் செய்யுங்கள். மூச்சை நீண்ட நேரம் அடக்கி வைக்கும் கும்பகம், வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி, தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் மூன்றையும் விட்டுவிடுங்கள். மெதுவாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி போதும்.

நடந்துகிட்டு இருக்கும்போதே படபடப்பு வந்துட்டா?

நில்லாமல் வேகத்தைக் குறையுங்கள். பிறகு பெஞ்சில் உட்காருங்கள். நாடியைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கி, உடம்பு இயல்பாக இருந்தால் மெதுவாக வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்கு அத்துடன் போதும். படபடப்பு வந்தால் மட்டும் போடும் மாத்திரையாக ஃப்ளெகைனைடு அல்லது புரோபஃபீனோன் கொடுத்திருந்தால், அதைப் போட்ட பிறகு இரண்டு நாளைக்குக் கடினமான பயிற்சி வேண்டாம். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது வேகமாக ஓடினால் சிலருக்குத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

நெஞ்சில் அழுத்தம், கண் இருட்டுவது, உட்கார்ந்த பிறகும் மூச்சு முட்டுவது இவை வந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது எல்லாம் பக்கவாதத்தின் அறிகுறி. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை எப்போது சாப்பிட்டார் என்று ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லுங்கள். நடக்கப் போகும்போது மாத்திரைப் பெயர்கள் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிடுச்சு, அதனால ஏ.எஃப். எனக்கும் இதே பயிற்சிதானா?

இல்லை. இது நம் நாட்டில் இன்னமும் இருக்கிற பிரச்சினை. வெளிநாட்டு ஆய்வுகளின் முடிவுகளை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் ரத்தம் கீழறைக்கு இறங்க நேரம் வேண்டும். துடிப்பு வேகமாகும்போது அந்த நேரம் குறைந்து, நுரையீரலில் அழுத்தம் கூடி மூச்சு முட்டும். சுருக்கம் எவ்வளவு என்று எக்கோவில் பார்த்து, பலூன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ வேண்டுமா என்று முடிவான பிறகே பயிற்சி. லேசான சுருக்கம் என்றால் சமதளத்தில் மெதுவாக நடக்கலாம், ஓட்டமும் படியேற்றமும் டாக்டர் சொன்னால்தான்.

மிதமான அல்லது கடுமையான மைட்ரல் சுருக்கத்தோடு ஏ.எஃப். இருந்தால் வார்ஃபரின் வகை மாத்திரைதான். 2022-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், இவர்களுக்கு ரிவரோக்ஸபானைவிட அந்தப் பழைய வகையே நன்றாகக் காப்பாற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனை இல்லாத மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்களும் மாற்றிக் கேட்காதீர்கள்.

அப்லேஷன் பண்ணியாச்சு. எப்போ நடக்கலாம்?

தொடை வழியாகக் குழாய் செலுத்தி, தாறுமாறான மின்துடிப்பைக் கிளப்பும் இடங்களைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைதான் அப்லேஷன். மறுநாளே வீட்டுக்குள் நடக்கலாம். தொடை இடுக்கில் குழாய் போட்ட இடம் ஆறுவதற்காக சுமார் ஒரு வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம், தரையில் குந்தி உட்காரவும் வேண்டாம். பிறகு மேலே சொன்ன 10 நிமிடக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் ஏ.எஃப். எட்டிப் பார்த்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆறும் காலத்தில் அப்படி வருவதுண்டு. ஆனால் டாக்டருக்குத் தெரிவியுங்கள். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி வந்தால், ஒரு மாதம் கழித்து வந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா? திருப்பதிக்கு நடந்து ஏறலாமா?

ஆசையை நான் தடுப்பதில்லை, தயாராகிப் போங்கள் என்பேன். கிரிவலம் 14 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். ஊரில் ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் நடக்க முடிகிறவர், நடுநடுவே உட்கார்ந்து போகலாம். பௌர்ணமிக் கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்க முடியாது, சாதாரண நாளில் போங்கள். இரவு முழுக்க விழித்து நடப்பதும் வேண்டாம், தூக்கம் கெட்டாலே சிலருக்கு ஏ.எஃப். வரும். இரவு மாத்திரையை மறக்கக் கூடாது.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. இது வேறு கணக்கு. வீட்டில் நாலு மாடி ஏறிவிட்டு முகவரியைச் சொல்ல முடியாதவர் அங்கே ஏறக் கூடாது. சென்னையில் எல்லாம் சமதளம் என்பதால், இங்கே ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்பது படிக்கு உதவாது. இரண்டு மாதம் படிக்கட்டில் பழகி, டாக்டரிடமும் கேட்டுவிட்டுப் போங்கள். இதய பலவீனம், அடைப்பு, வால்வு கோளாறு இருந்தால் பஸ்ஸில் போய்ச் சாமி கும்பிடுங்கள்.

நான் மாரத்தான் ஓடறவன், பத்து வருஷமா. உடற்பயிற்சி நல்லதுன்னா எனக்கு ஏன் ஏ.எஃப். வந்துச்சு?

வருடக்கணக்கில் மிக அதிகமாகப் பயிற்சி செய்தால் மேலறை விரிந்து ஏ.எஃப். வரும் வாய்ப்பு கூடுகிறது, முக்கியமாக ஆண்களுக்கு. ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தில் கலந்துகொண்ட 50,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். அதிக முறை ஓடியவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் தாளக் கோளாறு அதிகம் இருந்தது. ஆக, ஒன்றுமே செய்யாதவருக்கும் ஆபத்து, அளவில்லாமல் செய்பவருக்கும் ஆபத்து. உங்களை உட்காரச் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதம் தூரத்தையும் வேகத்தையும் பாதியாகக் குறைத்து, ஏ.எஃப். குறைகிறதா என்று டாக்டரோடு சேர்ந்து பாருங்கள்.

நடக்கும்போது ஒண்ணும் இல்லை. சாப்பிட்ட பிறகும் ராத்திரி தூக்கத்துலயும்தான் வருது. ஏன்?

இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு ஓங்கும் நேரங்கள் அவை. கடின ஓட்டம் முடிந்து ஓய்வெடுக்கும்போதும் அப்படித்தான். வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பதும் கடைசி 10 நிமிட மெது நடையும் உதவும். இரவில் வந்தால் குறட்டையைப் பற்றி வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அது ஏ.எஃப்.-ஐத் தூண்டும், அதற்கான தூக்கப் பரிசோதனையும் சிகிச்சையும் சென்னையில் இருக்கின்றன.

நடந்தா மட்டும் போதுமா? வேற என்ன செய்யணும்?

எடை. அடிலெய்டிலேயே நடந்த இன்னோர் ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைத் தக்கவைத்தவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 6 மடங்கு கூடியது. 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ. அப்புறம் குடி: 2020-இல் வந்த ஆய்வில், குடியை விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியது, தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, இயன்முறை சிகிச்சையும் உண்டு. பெரியவர்கள் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆறு மாசம் ஒழுங்கா நடந்தும் மறுபடி ஏ.எஃப். வந்துடுச்சே. எல்லாம் வீண்தானா?

இரண்டாவது கேள்வியில் சொன்ன 40 சதவீதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களிலும் 60 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியிருக்கிறது. உங்கள் தவறால் வந்ததில்லை. பயிற்சி பிரச்சினையைக் குறைக்கும், அடியோடு துடைத்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. என்ன மாறியிருக்கிறது என்று உங்கள் நோட்டைப் பாருங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, அப்போது மாடி ஏற முடிந்ததா. ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு நிமிட நடையையும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

அதைப் பார்த்த பிறகு டாக்டரிடம் போய், மாத்திரையை மாற்றுவதா, அப்லேஷன் வேண்டுமா என்று கேளுங்கள். துடிப்பு கட்டுக்குள் வந்து ஓய்வில் 110-க்குக் கீழே நின்றதும், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் 10 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். முன்பு நடந்து பழகிய உடம்பு என்பதால் இந்த முறை வாரத்துக்கு 5 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம்கூடக் கூட்டலாம், மூச்சு இடம் கொடுத்தால்.